ஐம்பத்துமூன்று நிமிஷம்

முப்பது வருடத்துக்கு மேலாகக் கந்தோரிலே கணக்கெழுதிவந்த ஒருவனுக்குத் தன் கைக்கடிகாரத்தின்மேல் ஒரு தனிப்பற்று உண்டாகிவிடுதல் இயல்பு. எட்டரை மணிக்கு வரவேண்டியவர் எட்டு முப்பத்தேழுக்கு வந்தால் என் கண் தானாகவே மணிக்கட்டுக்குப் போகும். என் கடிகாரம் பொய் சொல்லாது என்பது என் கொள்கை. உண்மையிலே அது பொய் சொல்லவுமில்லை. ஆயினும், 2022ஆம் ஆண்டிலே அது சொன்ன ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டு, ஓர் இளைஞனின் சீவனோபாயத்தில் நான் கைவைத்தேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகின்றேன்.

அந்த ஆண்டின் மார்ச், ஏப்பிரல் மாதங்களை நம் நாட்டவர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். எரிவாயுவுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, பெற்றோலுக்கு ஒரு வரிசை. மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டது. ஏப்பிரலில் அது சற்றுக் குறைந்தது என்றாலும், ஏ, பி, சி என்று வலயம் பிரித்து வெளியிட்ட அட்டவணையை நம்பி ஒரு காரியத்தைத் தொடங்கவும் அஞ்சவேண்டியிருந்தது. எங்கள் கந்தோர் யாழ்ப்பாணத்திலே உள்ள ஒரு தனியார் கந்தோர். வடபகுதியிலே உள்ள பல கடைகளில் வேலைசெய்யும் 300 பேருக்குச் சம்பளக் கணக்கை மாதந்தோறும் ஆக்கி, வங்கிக்கு அனுப்பவேண்டிய பொறுப்பு எங்களுடையது. அந்த மாதம் சித்திரைப் புதுவருடத்தை முன்னிட்டு, ஏப்பிரல் 8ஆந் திகதி வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் பட்டியல் வங்கிக்குப் போய்ச் சேரவேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. மா ஒரு விலை, தேங்காய் ஒரு விலை என்றிருந்த அந்நாளில், அந்தச் சம்பளம் ஒருநாள் பிந்தினாலும் முந்நூறு வீடுகளிலே பொங்கற்பானை ஏறாது என்பது எனக்குத் தெரியும்.

சம்பளக் கணக்கைச் செய்வதற்குக் கணினியிலே ஒரு நிரல் உண்டு. அதை எழுதியவர் எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த உதவியாளர். வயது இருபத்துமூன்று இருக்கும். தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதிகம் பேசாத பிள்ளை. பேசாதவர்களை நாம் இரண்டு வகையாக எண்ணிக்கொள்கின்றோம்: அடக்கமுள்ளவர், அல்லது ஒன்றும் தெரியாதவர். அந்தந்த வேளையில் நம் மனநிலை எப்படியோ அப்படி.

பெப்ரவரி மாதம் அந்த நிரல் மூன்று நிமிஷத்துக்குள் வேலையை முடித்தது. மார்ச் நடுப்பகுதியில், மின்வெட்டுக்குப் பயந்து, ஊழியர் விபரக் கோப்புகளையெல்லாம் கொழும்புத் தலைமைக் கந்தோரின் கணினிக்கு மாற்றிவிடும்படி நான் ஏற்பாடு செய்தேன். அங்கே மின்பிறப்பாக்கி உண்டு; கோப்புகள் பத்திரமாக இருக்கும். அப்பொழுது அந்த இளைஞர், “சேர், அப்பிடிச் செய்தா ஒவ்வொரு தரமும்...” என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். “கோப்பு இங்கை இருந்தாலென்ன, அங்கை இருந்தாலென்ன தம்பி, எல்லாம் ஒண்டுதான்” என்று நான் வாயை அடைத்துவிட்டேன்.

மார்ச் மாதச் சம்பளத்தின்போது நிரல் நகரவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடையிலே தேநீர் வந்தது, குடித்தேன். ஒருவர் வந்து கையொப்பம் கேட்டார், போட்டேன். முடிந்தபொழுது மணிபார்த்து ஒரு கடதாசித் துண்டிலே “53 நிமிஷம்” என்று குறித்துவைத்தேன். அன்று பின்னேரமே முகாமையாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். இந்த நிரல் பயன்படாது, இதை எழுதியவரின் திறமை போதாது, தகுதிகாண் காலத்தின் முடிவிலே அவரை நிரந்தரமாக்குவது பற்றி மீண்டும் யோசிக்கவேண்டும் என்பது அதன் சாரம். சான்றாக அந்த 53ஐயும் எழுதினேன். இலக்கம் ஒன்று இருந்தால் கடிதத்துக்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகின்றதல்லவா?

ஏப்பிரல் முதல்வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை நிரலைத் தொடங்கினோம். நாற்பதாவது நிமிஷத்தில் மின்சாரம் போயிற்று. மின்கலப் பெட்டி 20 நிமிஷம் தாங்கும் என்று நம்பியிருந்தோம். ஆனால் கொழும்புடனான இணைப்பு அதற்குமுன் அறுந்துவிட்டது. புதன்கிழமையும் அதே கதி. வியாழன் காலை மின்சாரம் இருந்தது, இணைப்பு இல்லை. பாதியிலே நின்றால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். வியாழன் மாலை நான் பொறுமை இழந்து, மற்றவர்கள் கேட்கும்படியாகவே அவரைக் கடிந்துகொண்டேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.

அவர் பதில் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து என் மேசைக்கு வந்து, “சேர், ஒருக்கா வந்து பாருங்கோ” என்று அழைத்தார். கணினியின் கரிய திரையிலே அவர் எழுதிய கட்டளையைப் பார்த்தேன். வழக்கமான கட்டளைதான்; ஆனால் அதற்கு முன்னே ‘டைம்’ என்ற ஒரு சொல் கூடுதலாக இருந்தது. முந்நூறு பேருக்கும் அல்ல, பத்துப் பேருக்கு மாத்திரம் கணக்கைச் செய்யும்படி அதை அமைத்திருந்தார். முடிந்ததும் கீழே மூன்று வரிகள் தோன்றின. ‘ரியல்’ என்பதற்கு நேரே 1 நிமிஷம் 38.6 செக்கன். ‘யூசர்’ என்பதற்கு நேரே 4.2 செக்கன். ‘சிஸ்’ என்பதற்கு நேரே 0.4 செக்கன்.

“இது வேலை செய்தது நாலரைச் செக்கன்தான் சேர். மிச்ச நேரம் முழுக்க வாசலிலை நிண்டிருக்குது” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. ஒரு வேலைக்கு எத்தனை நேரம் பிடித்தது என்ற கேள்விக்கு ஒரு விடைதானே இருக்கமுடியும்? மூன்று விடை எப்படி? அவர் இன்னொரு கட்டளையை எழுதினார். ‘ஸ்லீப் 5’ என்பது அது. ஐந்து செக்கன் தூங்கு என்று கணினிக்குச் சொல்வது. அதன் முன்னும் ‘டைம்’ என்று சேர்த்தார். ஐந்து செக்கன் சென்றது. முதல் வரியிலே 5 செக்கன்; மற்ற இரண்டிலும் ஏறத்தாழப் பூச்சியம். தூங்கியவனுக்கு நேரம் போனது, வேலை நடக்கவில்லை. இந்தக் கணக்கு எனக்கு உடனே விளங்கிற்று. என் உத்தியோக வாழ்க்கையில் இதே கணக்குடைய பெரிய மனிதர் சிலரை நான் அறிவேன்.

மாணவ வாசகர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்கின்றேன். நீங்கள் ஓர் அலுவலாகக் கச்சேரிக்குப் போகின்றீர்கள். காலை எட்டு மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டு மாலை நான்கு மணிக்குத் திரும்புகின்றீர்கள். வீட்டிலுள்ளோர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, எட்டு மணித்தியாலம் என்பர். அது முதல் வரி. விண்ணப்பப் படிவத்தை நீங்கள் உங்கள் கையாலே நிரப்பிய நேரம் பத்து நிமிஷம். அது இரண்டாவது வரி. நீங்கள் கேட்டதன்பேரிலே அங்குள்ள எழுதுவினைஞர் உங்களுக்காகப் பதிவேட்டைப் புரட்டி முத்திரை குத்திய நேரம் ஐந்து நிமிஷம்; அது மூன்றாவது வரி. கணினியிலும் இப்படியே. நிரல் தானே கூட்டிக் கழித்துப் பெருக்கும் நேரம் ஒன்று. கோப்பைத் திற, எழுது, அனுப்பு என்று அது கேட்கும்போது, இயந்திரத்தின் உள்ளே ஆட்சிசெய்யும் இயக்கமுறைமை அதற்காகச் செலவிடும் நேரம் மற்றொன்று. இவ்விரண்டையும் கூட்டி முதல் வரியிலிருந்து கழித்தால் எஞ்சுவது வாங்கிலே குந்தியிருந்த நேரம். உங்களுடைய எட்டு மணித்தியாலத்திலே அது 7 மணி 45 நிமிஷம்.

சில வேளைகளில் இரண்டாவது வரி முதல் வரியைவிடப் பெரிதாக வருவதும் உண்டு. வேலை செய்த நேரம் கடிகார நேரத்தைவிட எப்படிக் கூடும் என்று திகைக்கவேண்டாம். கலியாண வீட்டிலே பத்துப் பெண்கள் கூடியிருந்து ஒரு மணித்தியாலம் பலகாரம் சுட்டால், கடிகாரத்திலே போனது ஒரு மணித்தியாலம். உழைப்பிலே போனது பத்து மணித்தியாலம். இக்காலத்துக் கணினிகளிலே நான்கு, எட்டு என்று பல கருக்கள் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன.

இந்தப் பிரிவினை ஒரு பழைய தேவையிலிருந்து பிறந்தது. ஒரு கணினியை ஒருவர் மாத்திரம் வைத்திருந்தால் சுவர்க்கடிகாரமே போதும். 1961ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவிலுள்ள மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோ என்பவரும் அவர் கூட்டத்தாரும், ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே வேளையிலே பயன்படுத்தும் முறையைச் செய்துகாட்டினர். இயந்திரம் ஒருவருடைய வேலையைச் சிறிது செய்து, அதை நிறுத்தி, அடுத்தவருடையதை எடுக்கும். அப்படியானால், யாருக்காக எவ்வளவு உழைத்தது என்பதைச் சுவர்க்கடிகாரம் எவ்வாறு சொல்லும்? ஒவ்வொருவர் பெயரிலும் இயந்திரமே தனித்தனிக் கணக்கு வைக்கவேண்டியதாயிற்று. கணினி நேரம் பொன்னைப்போல விலைபெற்ற காலம் அது.

பின்னர், 1969ஆம் ஆண்டிலே, பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் என்ற முறைமையைத் தொடங்கினர். எங்கள் கந்தோரிலே உள்ள லினக்ஸ் அதன் வழியிலே வந்தது. ‘டைம்’ என்ற கட்டளையும் அந்த வீட்டுச் சொத்தே. 1971 நவம்பரிலே வெளிவந்த யூனிக்ஸின் முதற் கைந்நூலின்படி, அந்த முறைமை 1971 சனவரி முதலாந் திகதியிலிருந்து காலத்தைச் செக்கனின் அறுபதில் ஒரு பங்காக எண்ணிவந்தது. ஏன் அறுபது? அமெரிக்காவிலே மின்சாரம் செக்கனுக்கு 60 தடவை அலைகின்றது. அந்த அலைவையே கடிகாரத்தின் துடிப்பாகக் கொண்டனர். ஆனால் அவ்வளவு நுணுக்கமாக எண்ணினால், அவர்கள் ஒதுக்கிய 32 இருமத் தானங்கள் இரண்டேகால் வருடத்திலே நிரம்பிவிடும். அதனால் பின்னர் முழுச் செக்கனாக, 1970 சனவரி முதலாந் திகதியிலிருந்து எண்ணும் வழக்கம் நிலைத்தது. நம் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை அலைவது. 2022இல் அது அலைந்ததைவிட அலையாதிருந்த நேரமே அதிகம் என்று தோன்றிற்று.

இனி அந்த வியாழன் மாலைக்கு வருகின்றேன். நாலரைச் செக்கன் வேலைக்கு ஒன்றரை நிமிஷம் ஏன்? அவர் ஒரு கடதாசியிலே கணக்குப் போட்டுக் காட்டினார். நிரலானது ஒவ்வோர் ஊழியருக்கும் அடிப்படைச் சம்பளம், படிகள், கடன், சேமலாப நிதி, விடுமுறை என்று 47 தடவை கோப்பைக் கேட்கின்றது. கோப்பு இந்த அறையில் இருந்தகாலத்தில் அந்தக் கேள்வியும் பதிலும் கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவு. கோப்பு கொழும்பிலே இருக்கும்போது ஒவ்வொரு கேள்வியும் கொழும்புக்குப் போய்ப் பதிலைக் கொண்டு திரும்பவேண்டும். அதற்கு அந்நாளில் செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு பிடித்தது. பத்துப் பேருக்கு 470 பயணம், 94 செக்கன். அதனோடு 4.6ஐக் கூட்டினால் 98.6. திரையிலே கண்ட முதல் வரி அதுதான். முந்நூறு பேருக்கு 14,100 பயணம். 47 நிமிஷம் வழியிலேயே போய்விடும்.

செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் என்ன பெரிய காலம் என்றுதான் நானும் எண்ணினேன். அமெரிக்கக் கடற்படையிலே பணியாற்றிய கிறேஸ் ஹொப்பர் அம்மையார், தாம் பேசும் கூட்டங்களிலே ஏறக்குறைய 30 சதமமீற்றர் நீளமான கம்பித் துண்டுகளை எடுத்துக் கொடுப்பாராம். ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லக்கூடிய தூரம் அவ்வளவே. காலத்தைக் கையிலே பிடித்துப் பார்க்கும்படி அவ்வாறு செய்தார். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். ஒளி அதைச் செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கிலே கடந்துவிடும். ஆனால் எங்கள் கேள்வி ஒளியைப்போல நேரே போவதில்லை. கோபுரத்துக்குக் கோபுரம், நிலையத்துக்கு நிலையம் நின்று, முறை வரும்வரை காத்திருந்து போகின்றது. ஒருமுறை போனால் தெரியாது. பதினாலாயிரத்து நூறு முறை போனால் தெரியும்.

“அப்ப கோப்பை அங்கை கொண்டுபோனதாலைதானோ?” என்று கேட்டேன்.

அவர் “ஓம்” என்றும் சொல்லவில்லை, “இல்லை” என்றும் சொல்லவில்லை. “கோப்பை ஒரேதரமா இஞ்சை இழுத்து எடுத்துப்போட்டு, கணக்கை இஞ்சையே செய்து, முடிவை மட்டும் திருப்பி அனுப்பலாம் சேர்” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கந்தோருக்குப் போனபொழுது மின்சாரம் இல்லை. ஆயினும் இணைப்பு இருந்தது. மின்கலப் பெட்டியின் பலத்திலேயே தொடங்கினோம். கோப்பு 50 செக்கனில் வந்து சேர்ந்தது. பின் ‘டைம்’ என்ற சொல்லை முன்னிட்டு முந்நூறு பேருக்கும் கணக்கு ஓடிற்று. ரியல் 2 நிமிஷம் 21 செக்கன். யூசர் 2 நிமிஷம் 6 செக்கன். சிஸ் 12 செக்கன். வாங்கிலே குந்தியிருந்தது மூன்றே செக்கன். பத்தரை மணிக்குமுன் பட்டியல் வங்கிக்குப் போய்விட்டது.

அவரிடம் பின்னர் நான் கற்றவை பல. ஒருமுறை அளந்ததை நம்பக்கூடாது என்பார். முதன்முறை ஓடும்போது கோப்பைத் தட்டிலிருந்து தேடி எடுக்கவேண்டும். இரண்டாம் முறை அது நினைவகத்திலேயே இருக்கும், ஆதலால் வேகமாக முடியும். அம்மியைக் கழுவி வைத்தபின் அரைப்பதற்கும் கழுவமுன் அரைப்பதற்கும் உள்ள வேறுபாடு. ஆகவே பலமுறை அளந்து, எல்லாவற்றையும் எழுதிவைத்துப் பார்க்கவேண்டும். கணினியின் நாட்காட்டியைத் தொடக்கத்திலும் முடிவிலும் பார்த்துக் கழிப்பதும் ஆபத்து. எங்கள் பழைய கணினி ஒன்றின் உள்ளே இருந்த சிறு மின்கலம் செத்துவிட்டது. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் அது பல வருடம் பின்னுக்குப் போய்விடும். இணைப்பு வந்தபின் சரியான திகதிக்குத் தாவும். அந்தத் தாவலுக்கு நடுவிலே ஒரு சிறு வேலையை அளந்தபோது, பத்து வருடத்துக்கு மேல் பிடித்ததாகக் கணக்கு வந்தது. 1996இல் நம் நாட்டிலே மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபின் “பழைய நேரமோ, புதிய நேரமோ?” என்று கேட்டுக் கேட்டே பஸ்ஸுக்குப் போன அனுபவம் நம்மவருக்கு உண்டு, அந்தக் குழப்பந்தான் இதுவும். இதற்காகவே, திருத்தத்துக்கு ஆளாகாமல் முன்னோக்கி மாத்திரம் செல்லும் இன்னொரு கடிகாரத்தையும் இயக்கமுறைமை தன்னுள்ளே வைத்திருக்கின்றதாம்.

கடிதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாரும் மகிழ்ச்சியாக வீடு சென்றபின் நான் தனியே இருந்தேன். அந்தக் கடிதம் முகாமையாளரின் கோவையில் இருக்கின்றது என்பது எனக்கு மாத்திரமே தெரியும். பேசாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணமும் வந்தது. சம்பளம் போய்விட்டது, நிரலும் திருந்திவிட்டது, முகாமையாளர் அதை மறந்தும் இருக்கலாம். வயது முதிர்ந்தவன் தன் பிழையை எழுத்திலே ஒப்புக்கொள்வது இலேசான காரியமல்ல.

அந்தச் சமயத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது எப்பொழுதோ வாசித்த ஒரு சரித்திரம். இங்கிலாந்திலே கிறீனிச் வானாய்வுகூடத்தில், 1796ஆம் ஆண்டு, அரச வானியலாளரான நெவில் மஸ்கலின் தம் உதவியாளர் டேவிட் கின்னபுறூக் என்பவரை வேலையிலிருந்து நீக்கினார். தொலைநோக்கியிலே ஒரு நட்சத்திரம் கம்பியைக் கடக்கும் கணத்தை, பக்கத்திலிருக்கும் கடிகாரத்தின் அடியைக் காதாலே கேட்டுக் கண்ணாலே பார்த்துக் குறிக்கவேண்டும். எசமான் குறித்ததைவிட உதவியாளர் குறித்தது ஏறக்குறைய 0.8 செக்கன் பிந்தியிருந்தது. எசமான் சரி, உதவியாளர் பிழை என்று முடிவாயிற்று. பல வருடங்களின் பின் ஜேர்மானிய வானியலாளர் பெசல் அந்தக் குறிப்பைப் படித்து ஆராய்ந்து, எந்த இரண்டு மனிதர் அளந்தாலும் இத்தகைய வேறுபாடு வரும் என்பதைக் கண்டார். கண்ணுக்கும் காதுக்கும் இடையிலே ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தாமதம். ஆனால் கின்னபுறூக்குக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

மஸ்கலினாவது 0.8 செக்கனுக்காக நீக்கினார். என்னுடைய 53 நிமிஷத்திலே எத்தனை நிமிஷம் நிரலுடையது, எத்தனை நிமிஷம் நான் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தது, எத்தனை நிமிஷம் நானே கொழும்புக்கு அனுப்பிவைத்தது? இரண்டு நிமிஷம் பதினெட்டுச் செக்கனுக்கு மேல் அந்தப் பிள்ளையின் கணக்கிலே எழுதுவதற்கு எனக்கு உரிமையில்லை. அதிலும் பாதி இயந்திரத்தின் முதுமை.

விடுமுறை முடிந்து கந்தோர் திறந்த அன்றே இரண்டாவது கடிதத்தைக் கையிலே கொண்டுபோய்க் கொடுத்தேன். முகாமையாளர் வாசித்துவிட்டு, “அப்ப ஆற்றை பிழை?” என்று கேட்டார். “என்ரை பிழை” என்றேன். அவர் முதற் கடிதத்தைக் கோவையிலிருந்து எடுத்து என்னிடமே தந்தார். அதனோடு குத்தியிருந்த கடதாசித் துண்டு இப்பொழுதும் என் லாச்சியிலே கிடக்கின்றது. அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டேனோ என்றால், வெளிப்படையாகக் கேட்கவில்லை. அன்று மத்தியானம் அவருக்கும் சேர்த்துச் சாப்பாட்டுப் பார்சல் எடுப்பித்தேன். நம்மவர்கள் இப்படித்தான் மன்னிப்புக் கேட்கின்றோம். அவருக்கு விளங்கியிருக்கும் என்று நினைக்கின்றேன்.

அவர் நிரந்தரமாக்கப்பட்டார். ஆனால் 2023இல் பலரையும்போலக் கனடாவுக்குப் போய்விட்டார். நிரல் இங்கேதான் இருக்கின்றது. ஒவ்வொரு மாதமும் கட்டளைக்கு முன்னே அந்தச் சொல்லைச் சேர்த்து நானே எழுதி, வரும் மூன்று வரிகளையும் ஒரு கொப்பியிலே குறித்துவருகின்றேன். கடந்த மாதம் முதல் வரியிலே 2 நிமிஷம் 31 செக்கன் என்று கண்டேன். பத்துச் செக்கன் எங்கேயிருந்து வந்தது என்று விளங்காமல் அவருக்கு எழுதிக் கேட்டேன். மறுநாட் காலையில் பதில் வந்திருந்தது: “புதுசா ஒரு இருபது இருபத்திரண்டு பேர் வேலைக்குச் சேர்ந்திருப்பினம் சேர், எண்ணிப் பாருங்கோ.”

எண்ணிப் பார்த்தேன். இருபத்தொருவர்.